காசு ஒரு தடையே இல்லை என்றால் எங்கே போவீர்கள்? மதுரையிலிருந்து கனவுப் பயணம் போட ஒரு முழு வழிகாட்டி

டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் பதினாலு வருடமாக டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன். உம்ரா போகிறவர்கள், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிற அம்மாக்கள், பெரும்பாலும் இவர்கள்தான் வருவார்கள். நடுநடுவே வருடத்துக்கு நாலைந்து பேர் வந்து உட்கார்ந்து, "செலவைப் பத்திக் கவலை இல்ல தம்பி, நல்ல இடமா ஒண்ணு போடுங்க" என்பார்கள். மகன் நன்றாகச் சம்பாதிக்கிறான், அல்லது நிலம் விற்ற காசு வந்திருக்கிறது, அல்லது ரிட்டயர் ஆகிவிட்டார்கள். இவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லும்போது குரலில் சுரத்தே இருக்காது. பல லட்சம் செலவழித்துப் போய்விட்டு அப்படி வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். நாள் போகப் போகத்தான் புரிந்தது: காசு தடையில்லை என்று ஆன பிறகும் தடைகள் இருக்கின்றன. மாதம், உடம்பு, காகிதம், கூட வருகிற ஆள் என்று நாலு பக்கமும் இருக்கின்றன. பட்ஜெட் பயணத்தில் இதையெல்லாம் காசு என்ற ஒரே சாக்கு மறைத்துவிடும்.

அதனால், நாளைக்கே லாட்டரி அடித்தது போல நினைத்துக்கொண்டு இந்தப் பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். வெறும் ஆசைக்காக எழுதுகிறவர்களுக்கும் இது உதவும், ஏனென்றால் சரியாக எழுதிய ஆசைக்குத்தான் பிற்பாடு வழி கிடைக்கிறது. அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் படி: ஊர்ப் பெயரை எழுதாதீர்கள், காட்சியை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுங்கள். அதில் சுவிட்சர்லாந்து, பாரிஸ், மாலத்தீவு என்று எழுதக்கூடாது. உங்கள் கண்ணால் எதைப் பார்க்க வேண்டும், அதை மட்டும் ஒரே வரியில் எழுதுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அத்தை. அவனியாபுரத்தில் வீடு, விமானம் இறங்கும்போது மொட்டை மாடிக்கு மேலே சக்கரம் தெரிகிற அளவுக்குத் தாழ்ந்து போகும். ஒரு பங்குனி மாதம் காலை ஆறு மணிக்குப் போனேன். பழைய வெள்ளை வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். கையில் நாழி, முழங்கை வரைக்கும் கூழ். பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கேட்டேன், "அத்தை, காசைப் பத்திக் கவலையே இல்லைன்னா நீங்க எங்க போவீங்க?" காசி, ராமேஸ்வரம் என்று சொல்வார் என்று நினைத்தேன். நாழியைக் கீழே வைக்காமலேயே, "வானத்துல பச்சையா ஒரு வெளிச்சம் சேலை மாதிரி ஆடுமாமே, பேரன் போன்ல காட்டுனான். அதை ஒருதடவை நேர்ல பாக்கணும்டா. அது எங்கிட்டு இருக்கு?" என்றார்.

அவருக்கு நாட்டின் பெயர் தெரியாது, ஆனால் காட்சி தெரியும். அவ்வளவு போதும், மீதியை எல்லாம் கண்டுபிடித்துவிடலாம்.

சுவிட்சர்லாந்து என்று எழுதத்தான் கை வருகிறது என்றால், அங்கே என்ன என்று உங்களையே கேளுங்கள். பனியைக் கையால் அள்ள வேண்டும் என்பது ஒரு ஆசை. அதற்கு யுங்ஃபிராவ்யோக், 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம், 1912லேயே மலையைக் குடைந்து ரயிலைக் கொண்டுபோய்விட்டார்கள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மலையும் பள்ளத்தாக்கும் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வேறு ஆசை. அதற்கு செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போகிற கிளேசியர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, 291 பாலம், 91 சுரங்கப்பாதை, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். இரண்டும் ஒரே நாடுதான். ஆனால் முதல் ஆசைக்காரரை இரண்டாவது ரயிலில் உட்கார வைத்தால் மூணாவது மணி நேரத்தில் தூங்கிவிடுவார்.

வீட்டில் ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. ஒரு காட்சிக்கு ஒரு வரி, மூன்று வரிக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் படி: அந்தக் காட்சி எந்த மாதம் நடக்கிறது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஒருவர் டிசம்பரில் மதுரைக்கு வந்தால் எப்படி இருக்கும்? கோயில் இருக்கும், ஆறு இருக்கும், ஊரும் நன்றாகவே இருக்கும், ஆனால் அவர் பார்க்க வந்தது இருக்காது. உலகத்தின் பெரிய காட்சிகள் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றுக்குத் தேதி உண்டு, நம்முடைய பள்ளி லீவைப் பார்த்து அவை நடப்பதில்லை.

அத்தை கேட்ட துருவ ஒளியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து வருகிற மின்னூட்டம் பெற்ற துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவப் பக்கம் இழுக்கிறது, அவை நூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கிற ஆக்சிஜனில் மோதும்போது பச்சையாக ஒளிர்கிறது. இது வருடம் முழுக்க நடக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிய இருட்டு வேண்டும். நார்வேயின் வடக்கில் இருக்கிற ட்ரோம்சோவில் கோடையில் சூரியன் மறைவதே இல்லை, அதனால் மே, ஜூன் லீவில் போனால் ஒன்றும் தெரியாது. செப்டம்பரிலிருந்து மார்ச் கடைசி வரைக்கும்தான் கணக்கு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரைக்கும் அங்கே சூரியன் உதிக்கவே உதிக்காது, அது ஒரு தனி அனுபவம், ஆனால் வெயிலிலேயே வளர்ந்த நம் ஊர் வயசானவர்களுக்கு அத்தனை நாள் இருட்டு மனசை அழுத்தும் என்பது என் கருத்து. அதனால் நான் மார்ச் மாதத்தைச் சொல்வேன். பகலில் வெளிச்சம் இருக்கும், இரவும் பகலும் சமமாக வருகிற அந்த நாட்களையொட்டி துருவ ஒளியின் தீவிரமும் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். மேகம் மூடினால் போச்சு, ஆகவே இரண்டு ராத்திரி போதும் என்று போகாதீர்கள், ஆறு ராத்திரி வையுங்கள். கடலோரத்தில் மேகம் போட்டிருந்தால் வழிகாட்டிகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு, ஃபின்லாந்து எல்லைப் பக்கம் வரைக்கும் தெளிந்த வானத்தைத் தேடிப் போவார்கள்.

அடுத்தது செரெங்கெட்டி. டான்சானியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட், அதாவது பார்க்க மாடு மாதிரி இருக்கிற ஒரு மான் இனம், மழையைத் தேடி வருடம் முழுக்க வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கூடவே வரிக்குதிரைகளும். டிவியில் நாம் எல்லாரும் பார்த்தது முதலைகளுக்கு நடுவில் மாரா ஆற்றைத் தாண்டுகிற காட்சி. அது ஜூலையிலிருந்து செப்டம்பர் வாக்கில், வடக்குப் பக்கம். ஆனால் மந்தை எப்போது தண்ணீரில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் வந்து நின்று, முகர்ந்து பார்த்து, திரும்பியும் போய்விடும். என்னைக் கேட்டால் பிப்ரவரியில் தெற்கே என்டுட்டு சமவெளிக்குப் போங்கள் என்பேன். அங்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண், அதில் முளைக்கிற குட்டைப் புல்லில் தாய்க்குப் பால் ஊறத் தேவையான தாதுக்கள் அதிகம், அதனால் மந்தை மொத்தமும் அங்கே வந்து ஒரே சமயத்தில் கன்று போடுகிறது. சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள். விழுந்த கன்று சில நிமிடங்களில் தள்ளாடி எழுந்து தாய்க்குப் பின்னால் ஓட ஆரம்பிக்கும். மாட்டுப்பொங்கலுக்குக் கன்றுக்குட்டி கழுத்தில் மாலை போட்டு வளர்ந்தவர்கள் அதைப் பார்த்தால் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள்.

பொலிவியாவின் உயுனி உப்புப் பாலை. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், மதுரை மாவட்டத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, முழுக்க வெள்ளை உப்பு. வண்டியூர்த் தெப்பக்குளம் நிறைந்திருக்கிற நாளில் காற்றில்லாத காலையில் மைய மண்டபம் தண்ணீரில் தலைகீழாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், மழை பெய்து உப்பின் மேல் மெல்லிசாகத் தண்ணீர் நின்றால் உயுனியில் மொத்த வானமும் அப்படித் தரையில் விழுந்துவிடும். அது வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. ஜூலையில் போனால் காய்ந்த உப்பு மட்டும்தான், அதுவும் அழகுதான், ஆனால் போட்டோவில் பார்த்து ஆசைப்பட்டது அதுவாக இருக்காது.

மாலத்தீவுக்கு எல்லாரும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும்தான் கேட்பார்கள், அப்போது மழை குறைவு, கடல் கண்ணாடி மாதிரி. ஆனால் உங்கள் தாளில் "பெரிய திருக்கைகளோடு நீந்த வேண்டும்" என்று இருந்தால் கணக்கு தலைகீழ். பா அட்டோலில் ஹனிஃபாரு விரிகுடா என்ற இடத்தில் மான்டா திருக்கைகள் கூட்டமாக வருவது தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன் முதல் நவம்பர் வரைக்கும்தான், காற்று தள்ளிக்கொண்டுவருகிற நுண்ணுயிர்களைத் தின்பதற்காக. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குகிற சீசனில்தான் அந்தக் காட்சி. ஆழ்நீச்சல் சிலிண்டரோடு அங்கே இறங்க விடமாட்டார்கள், மேலே மிதந்து பார்க்க மட்டும்தான் அனுமதி.

அங்கோர் வாட்டை நான் கடைசியாக வைத்திருந்தாலும் மதுரைக்காரர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். கம்போடியாவில், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியது. நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி, அங்கே நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர், அதாவது 210 அடிக்கு மேல். நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை, அது மேற்கு பார்த்தது. அதனால் விடிகாலையில் மேற்கு வாசல் குளக்கரையில் நின்றால் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழும்பும். மார்ச் 21ஐ ஒட்டியும் செப்டம்பர் 23ஐ ஒட்டியும் அது சரியாக நடுக்கோபுரத்தின் உச்சியில் வந்து நிற்கும். உள்ளே கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடைகிற சிற்பம் கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது, ஒரு பக்கம் தேவர்கள், ஒரு பக்கம் அசுரர்கள், நடுவில் வாசுகி. அந்தக் கதை தெரியாமல் உலகம் முழுவதிலிருந்தும் வந்து கைடிடம் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். சௌகரியமான காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மார்ச்சில் வெக்கை ஏறிவிடும், ஆனால் நம் ஊர் வெயிலைத் தாங்குகிறவர்களுக்கு அது ஒரு விஷயமில்லை.

மூன்றாம் படி: உடம்பைக் கேளுங்கள்

கையில் காசு வரும்போது பலருக்கு முட்டி போய்விட்டிருக்கும். அதனால் தாளில் இருக்கிற மூன்று வரிகளில் உடம்பு அதிகம் கேட்கிற பயணத்தை முதலில் முடித்துவிடுங்கள், கப்பலும் ரயிலும் பிறகு காத்திருக்கும்.

உயரம்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிற விஷயம். மதுரைக்காரர்கள் ராத்திரி தூங்கிய அதிகபட்ச உயரம் பெரும்பாலும் கொடைக்கானல், சுமார் 2,100 மீட்டர். பெருவில் மலைமேல் இருக்கிற பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்குப் போக இறங்குகிற குஸ்கோ 3,400 மீட்டர், உயுனி 3,650 மீட்டர். விமானத்திலிருந்து நேராக அங்கே இறங்கினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும், சிலருக்கு ஆபத்தாகவும் போகும். வேடிக்கை என்னவென்றால் மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிடத் தாழ்வு. ஆகவே குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் கீழே இருக்கிற புனிதப் பள்ளத்தாக்குக்கு வண்டியில் போய்விடுங்கள், இரண்டு ராத்திரி அங்கே, அப்புறம் மச்சு பிச்சு, கடைசியில் குஸ்கோ. காசு நிறைய இருப்பவர்களுக்கு இங்கே ஒரே ஒரு மருந்துதான், கூடுதல் நாட்கள். சுகர், பிரஷர், இதயம் என்று ஏதாவது இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

அண்டார்டிகாவுக்கு அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கப்பல். நடுவில் டிரேக் கடல்வழி, போக இரண்டு நாள், வர இரண்டு நாள், உலகத்திலேயே மோசமாக ஆடுகிற கடல்களில் ஒன்று. அது முடியாது என்பவர்கள் சிலியின் புந்தா அரினாஸிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிங் ஜார்ஜ் தீவில் இறங்கி, அங்கேயே கப்பல் ஏறலாம். விலை கூடுதல்தான். ஆனால் நாம் பேசுவதே காசு தடையில்லாத பயணம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை விட்டுவிடாதீர்கள். கென்யா, பெரு, பொலிவியா மாதிரி நாடுகளிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரைக்கும் தனிமையில் வைத்துவிடலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியில் கூடுதல் கவனம் தேவை, டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: காகிதங்கள்

இது சலிப்பான படி, ஆனால் நான் பார்த்ததில் அதிகம் பயணங்கள் நின்றுபோனது இங்கேதான்.

பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நாம் இனிஷியல் வைத்து வாழ்கிறவர்கள், ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகி வேறு மாதிரி. டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். சர்நேம் கட்டம் காலியாக ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சில நாடுகளில் சிக்கல், 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமே அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. திருத்த வேண்டும் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. நிறையப் போகப்போகிறீர்கள் என்றால் அந்த ஐந்நூறைப் பார்க்காதீர்கள்.

நார்வே, சுவிட்சர்லாந்து எல்லாம் ஷெங்கன் விசாவில் வரும், அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளைக்குள் போய் நின்றால் எடுக்கமாட்டார்கள். பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்புகிற தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். கைரேகை வைக்க ஆள் நேரில் போக வேண்டும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. போரா போரா ஆசை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது பிரெஞ்சுப் பாலினேசியா, பிரான்ஸுக்கு வாங்கின ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. (நிஜமாகச் சொன்னால், தண்ணீர் மேல் வீடு, நீலக் கடல் என்பதுதான் ஆசை என்றால் அதற்காகப் பசிபிக் வரைக்கும் இரண்டு நாள் பறக்க வேண்டியதில்லை, மாலத்தீவு நம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. பச்சை மலை ஒன்று கடலுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால் மட்டும் போரா போரா.)

காசு தடையில்லை என்பவர்களுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைக்கும்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். சாதாரணப் பயணம் எதுவும் அதைத் தொடாது. தனிக் கப்பல், தனித் தீவு என்று போகிறவர்கள் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மதுரையிலிருந்து வழி

மதுரையிலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அங்கிருந்து மாலே இன்னொரு ஒன்றரை மணி நேரம். சென்னைக்குப் போய்ச் சுற்றுவதைவிட இது எவ்வளவோ சௌகரியம். ஆனால் மாலேயில் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். தூரத்துத் தீவுகளுக்குப் போகிற கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு டிக்கெட் போட்டேன், ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்குகிற விமானத்தில். ஐந்து ராத்திரிப் பயணத்தில் முதல் ராத்திரி முழுக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் போனது, தீவில் அந்த ராத்திரிக்குக் கட்டின காசும் போனது. அந்தத் தம்பி போனில் கோபப்படக்கூட இல்லை, "பரவால்லண்ணே" என்றான், அது இன்னும் வலித்தது. அதற்குப் பிறகு மாலத்தீவு டிக்கெட் என்றால் மதியத்துக்குள் இறங்குகிற மாதிரிதான் போடுகிறேன், முடியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

தூரப் பயணங்களுக்கு எல்லா விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. தனித்தனியாகத்தான் அமைகிறது என்றால் முந்தின நாளே சென்னை போய்த் தங்கிவிடுங்கள். அண்டார்டிகா போகிறவர்கள் கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே உஷுவாயாவில் இருக்க வேண்டும், பெட்டி வராமல் போனால்கூட வாங்கிச் சமாளிக்க நேரம் கிடைக்கும். கப்பல் உங்களுக்காக நிற்காது. அங்கோருக்கு சியம் ரீப் விமான நிலையம், 2023 அக்டோபரில் திறந்த புதுசு, ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய நினைப்பில் ராத்திரி இறங்கி ஆட்டோ பிடிக்கலாம் என்று போகாதீர்கள், ஹோட்டல் வண்டியைச் சொல்லி வையுங்கள்.

ஆறாம் படி: காசை எதில் கொட்டுவது?

2001இல் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கர் சுமார் 2 கோடி டாலர் கொடுத்து விண்வெளி நிலையத்துக்கே சுற்றுலா போய் வந்தார். காசைக் கொட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. எதில் கொட்டினால் காட்சி நெருங்கி வரும் என்பதுதான் கேள்வி.

என் அனுபவத்தில் முதலில் ராத்திரிகள். துருவ ஒளிக்கு ஆறு ராத்திரி, செரெங்கெட்டிக்கு ஆறு, மழை வந்து ஒரு நாள் கெட்டாலும் மிச்சம் இருக்கும். அடுத்தது தனி வண்டியும் நல்ல வழிகாட்டியும். பொது ஜீப்பில் போனால் சிங்கத்தைப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் கிளம்பு என்பார்கள், ஏனென்றால் மற்றவர்களுக்கு யானை வேண்டும். தனி வண்டி என்றால் ஒரு கன்று எழுந்து நிற்கிற வரைக்கும் அங்கேயே நிற்கலாம். மந்தையோடு சேர்ந்து இடம் மாறுகிற கூடார முகாம்கள் இருக்கின்றன, அதில் தங்கினால் ராத்திரி படுத்திருக்கும்போது துணிக்கு வெளியே அவை மேய்கிற சத்தம் கேட்கும், எந்தப் பளிங்கு ஹோட்டலிலும் அது கிடைக்காது.

அண்டார்டிகாவில் காசு போக வேண்டிய இடம் சின்னக் கப்பல். ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இறங்கக் கூடாது என்பது அங்கே போகிற நிறுவனங்களின் விதி, 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாரும் இறங்கவே முடியாது. பெரிய கப்பலில் பெரிய அறை எடுத்துவிட்டுப் பனிப்பாறையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஆனால் நீங்கள் அசையாமல் நின்றால் அதுவாகவே பக்கத்தில் வரும், அதற்கு யாரும் தடை போட முடியாது.

நீண்ட விமானத்தில் படுக்கிற சீட்டும் செலவழிக்கத் தகுந்ததுதான், அதுவும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு. ஹோட்டலில் கடல் பார்த்த சூட், தங்கக் குழாய் போன்றவற்றுக்கு நான் செலவழிக்கச் சொல்லமாட்டேன். அங்கோர் வாட்டுக்கு ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாளுக்கு 62. கோடீஸ்வரருக்கும் அதே டிக்கெட்தான், அதே குளக்கரைதான், காலை ஐந்து மணிக்கே போய் இடம் பிடிக்க வேண்டும்.

ஏழாம் படி: துணி, சாப்பாடு

ட்ரோம்சோ கடலோரம் என்பதால் மார்ச்சில் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் இருக்கும், ஆனால் உள்நாட்டுக்கு வண்டியில் போனால் ராத்திரி மைனஸ் 20 வரைக்கும் இறங்கலாம். உடம்பை ஒட்டிப் பருத்தி போடாதீர்கள், வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு அதுவே குளிரும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் இன்னொரு கம்பளி, மேலே காற்றுப் புகாத உடுப்பு. அத்தையிடம் இதைச் சொன்னபோது சுங்குடிச் சேலை கட்டக்கூடாதா என்று கேட்டார். எல்லாம் போட்டுக்கொண்டு அதற்கு மேலே கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

சைவம் என்றால் கப்பலுக்கும் முகாமுக்கும் சில வாரம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள், நடுக்கடலில் போய்க் கேட்டால் அவர்கள் எங்கே போய் வாங்குவார்கள்? முட்டை, மீன் சாப்பிடுவீர்களா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப்போவது நம் வழக்கம், ஆனால் கொண்டுபோகிற நாட்டில் எதை அனுமதிப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அண்டார்டிகாவில் கரையில் இறங்கும்போது சாப்பாடு எதுவும் கொண்டுபோகவே கூடாது, பூட்ஸைக்கூடக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் இறக்குவார்கள்.

எட்டாம் படி: யாரோடு?

முதல் படியில் எழுதிய தாள்களை இப்போது சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்காதீர்கள், இரண்டு வருடத்துக்கு இரண்டு பயணம் வையுங்கள். வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றுமே செய்யாத நாள் ஒன்று விடுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

ஒன்பதாம் படி: திரும்புகிற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கிளம்புகிற தேதியை முதலில் முடிவு செய்யாதீர்கள். என்றைக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை எழுதுங்கள், அதிலிருந்து பின்னால் வாருங்கள். அத்தையின் கணக்கையே காட்டுகிறேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, "எதிர்சேவைக்கு நான் தல்லாகுளத்துல இருக்கணும்." கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் அவரை ஊர் எதிர்கொண்டு வரவேற்பதுதான் எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியில். சித்ரா பௌர்ணமி எப்படியும் ஏப்ரல் நடுவுக்குப் பிறகுதான் வரும், ஆக மார்ச் கடைசிக்குள் திரும்பிவிட்டால் போதும், களைப்பு ஆற இரண்டு வாரம் கிடைக்கும். பௌர்ணமி நிலா வெளிச்சத்தில் மெல்லிய துருவ ஒளி மங்கும் என்பதால் அமாவாசையை ஒட்டி ஆறு ராத்திரி. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மார்ச் 12 கிளம்பினால் விசாவுக்கு செப்டம்பர் 12க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம், தீபாவளி வேலைக்கு முன்னால் சென்னை போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்துவிடலாம். அதற்கு முன்னால் பாஸ்போர்ட்.

போன ஆடியில் அவரைப் பாரதி உலா சாலையில் இருக்கிற பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். 36 பக்கமா, 60 பக்கமா என்று படிவத்தில் கேட்ட இடத்தில் நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "பெருசாவே போடுடா" என்றார்.